பதினாலாம் தொட்டியின் இரும்பு

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்கப்போவதில்லை. நீ போனை அடித்து வைத்த சத்தத்திலேயே கைக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. "இனிமே ஏதாவது சொல்லணும்னா எழுதிப் போடு, காகிதத்துல கத்த முடியாதுல்ல" என்றாய். எழுதுகிறேன். கத்தவும் செய்வேன்.

விஷயம் ராவ்னே தோட்டம்தான். அப்பா ஆளுக்குப் பாதி என்று எழுதிவைத்துப் போனது. தொள்ளாயிரம் திராட்சைக் கொடி, மண்ணைவிடக் கல் அதிகம், பூரா என்கிற நம் வடகிழக்குக் காற்று அடித்தால் கம்பிப் பந்தலோடு சாயும். துறைமுகத்துக்கு வருகிற சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைக்கக் கிடங்கு கட்டும் கம்பெனி ஒன்று அதைக் கேட்கிறது. முழுதாகக் கொடுத்தால் வாங்குவார்கள், பாதி வேண்டாம் என்கிறார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். என் பதில் ஆம். பத்திரத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கிறிஸ்துமஸ் அன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன். நீ ஊற்றியது நம் ஊர்ச் சிவப்பு ஒயினான தெரான் இல்லை, காடிக்கு ஒன்றுவிட்ட தம்பி. நீ குடத்தோடு என் சட்டையில் கவிழ்த்ததால் அதன் வேதியியல் மாறிவிடாது. ஆவியாகும் அமிலம் லிட்டருக்கு ஒன்று புள்ளி இரண்டு கிராமுக்கு மேல் போனால் சட்டப்படி அது ஒயினே இல்லை. உன்னுடையது ஒன்று புள்ளி நாலு இருக்கும், நாக்காலேயே சொல்வேன். நம்பாவிட்டால் ஒரு பாட்டில் அனுப்பு, கருவியில் வைத்துக் காட்டுகிறேன்.

அதையும் விற்கிறாய் பார். வருஷா வருஷம் சில நாள் வீட்டிலேயே கடை போட்டு, ஒஸ்மிட்சா திறக்கிறேன் என்று முற்றத்தில் பெஞ்சு போட்டு, அதற்கு அடையாளமாக முச்சந்தியில் ஐவிக்கொடிக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, சொந்த ஒயின், சொந்த முட்டை, சொந்தப் பன்றி. நகரத்திலிருந்து கார் காராக வந்து, "வீட்டுச் சாப்பாடு, உள்ளூர் ஒயின், விவசாயியைக் காப்பாத்தணும்" என்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசுவார்கள். ஒரு முட்டையைத் தின்று ஒரு தோட்டத்தைக் காப்பாற்றுகிற கூட்டம். அவர்களில் ஒருவனாவது ஒரு நாள் மருந்தடிக்க வந்திருக்கிறானா?

யெர்னேய்


பிப்ரவரி 15

ஆய்வகத்து மகாராஜாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பக்கத்தில் யோட்டா கொதித்துக்கொண்டிருந்தது. புளித்த முட்டைக்கோஸ், பீன்ஸ், போன வருஷத்துப் பன்றியின் விலா எலும்பு. வாசனை கடிதத்தில் ஒட்டியிருந்தால் அனுபவித்துக்கொள். நீ அங்கே மதியத்துக்கு என்ன தின்கிறாய் என்று எனக்குத் தெரியும். காசு போட்டால் பெட்டிக்குள்ளிருந்து விழுகிற பாஸ்தா, மேலே மூடியைக் கிழிக்க வேண்டும். அதைத் தின்கிற நாக்கா எனக்கு அமிலம் அளக்கிறது?

கையெழுத்துப் போட மாட்டேன். பென்சில் குறியை ரப்பர் வைத்து அழித்துவிட்டேன், காகிதத்தின் பின்பக்கத்தில் கோழித்தீவனக் கணக்கு எழுதிக்கொள்கிறேன்.

நீ படித்ததை நான் குறை சொல்லவில்லை. படித்துவிட்டு எங்கே போனாய்? சமவெளியில், எட்டு மாடி உயரத் தொட்டிகளுக்கு நடுவே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யார் தோட்டம் என்றே தெரியாத திராட்சையை எந்த ஊர்ப் பேர் கேட்டாலும் அந்த ருசியில் காய்ச்சிக் கொடுக்கிறாய். அதற்குப் பேர் ஒயினா? கைகழுவின தண்ணீர்டா அது. போன முறை நீ கொண்டுவந்த பாட்டிலை வைத்து ஊறுகாய் ஜாடி கழுவினேன். நன்றாகக் கறை போனது, அதை மட்டும் பாராட்டுகிறேன்.

மார்ச் எட்டாம் தேதி கொத்துக் கட்டுகிறேன். பத்தொன்பது நாள். வரவேண்டும் என்று கூப்பிடவில்லை. உன் பங்குப் பெஞ்சு காலியாகவே இருக்கட்டும்.

பாட்டில்தானே? வரும். அப்புறம் வாயை எங்கே வைத்துக்கொள்வாய் என்று யோசித்து வை.

ப்ரெடா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

கோழித்தீவனக் கணக்குக்கு நான் வேறு காகிதம் அனுப்பியிருப்பேன். புது நகல் இதனுடன்.

எங்கள் தொட்டியின் உயரம் ஒன்பது மீட்டர். எட்டு மாடி இல்லை. வைவதென்றாலும் அளந்துவிட்டு வை.

"யார் தோட்டம் என்றே தெரியாத" என்கிறாய். எனக்கு எந்த லாரி எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று தெரியும். உன் நிலவறையில் எந்தப் பீப்பாய் எந்த வருஷத்தது என்று உனக்கே தெரியாது. சுண்ணாம்புக் கட்டியால் எழுதுகிறாய், ஈரத்தில் அழிகிறது, அடுத்த வருஷம் "இது அது போலத்தான் இருக்கு" என்று முகர்ந்து பார்த்து முடிவு செய்கிறாய். இதைப் பாரம்பரியம் என்று சொல்லி நகரத்தார் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அழுக்கு என்றுதான் படுகிறது.

ராவ்னேயை விற்றாலும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு உனக்கே. உன் பன்றியையும் முட்டையையும் யாரும் தொடப்போவதில்லை. வீட்டுச் சாப்பாட்டில் உனக்குக் கை உண்டு, அதை நான் என்றும் மறுத்ததில்லை. ஒயினில் இல்லை. ஒரு மனிதருக்கு எல்லாம் வர வேண்டும் என்று சட்டமா?

யெர்னேய்


மார்ச் 13

தம்பிக்கு,

பஸ் டிரைவரிடம் பாட்டில் கொடுத்திருக்கிறேன், மடியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஒஸ்மிட்சாவில் இப்போது ஊற்றுகிற தெரான், நேற்று பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்தது. கருவியில் வை, நாக்கில் வை, எங்கே வேண்டுமானாலும் வை.

கொத்துக் கட்டி ஆறு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்து கிணற்றடி வரைக்கும் ஆள். முட்டை முந்நூற்றுப் பத்து அவித்தேன், மாலைக்குள் ஓடு மட்டும்தான் மிச்சம். பன்றித்தொடையை இரண்டு குளிர்காலம் காற்றில் தொங்கவிட்டதில் அந்தக் கொழுப்பு விளிம்பு கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. நகரத்து அம்மாள் ஒருத்தி அதை வெட்டித் தட்டோரமாக ஒதுக்கினாள். "அம்மா, பன்றி அதைத்தான் உங்களுக்காகச் சேர்த்து வெச்சுது, ஒதுக்காதீங்க" என்றேன். தின்றாள். பிறகு இரண்டாம் தட்டு கேட்டாள்.

இதைக் கேள். ஸ்வெத்கோவை உனக்கு ஞாபகம் இருக்கும், கல்குவாரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், பாராட்டினால் வாய் வலிக்கும் என்று நினைக்கிற மனிதர். நேற்று வந்து ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மடக்கு.

"ப்ரெடா, இந்த வருஷம் என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலை மாமா. எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலவா? எப்பவும் உன் ஒயினைக் குடிச்சா எனக்குப் பல்லு கூசும். இதுல இரும்பு இருக்குது புள்ள. நம்ம செம்மண்ணு அப்படியே நாக்குல உக்காருது. குவாரியில வாயில ரத்தம் வந்தா இப்படித்தான் ருசிக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பவும் ஒரு முறை குடித்துவிட்டு, "ஆமா, இரும்பு, இரும்பு" என்றார்கள். ஒருவர் உன்னைக்கூடக் கேட்டார். "அந்தப் படிச்ச பையன் இதைக் குடிச்சானா? அவனோட தொழிற்சாலையில இது வருமா?" என்று. வராது என்று சொல்லிவிட்டேன். ராவ்னே மண்ணை விற்கச் சொல்கிறவனுக்கு அந்த மண் என்ன செய்யும் என்று இப்போதாவது புரியட்டும்.

முடிவை மறைக்காமல் எழுது.

ப்ரெடா


மார்ச் 18

அக்காவுக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஆவியாகும் அமிலம் பூஜ்யம் புள்ளி நாலு ஒன்று. அங்கேயே சந்தேகம் வந்தது. உன் நிலவறையில் அந்த எண் பிறக்கவே பிறக்காது. பிறகு ஒயின் கெடாமல் இருக்கப் போடும் கந்தகம் பார்த்தேன், நீ வாழ்நாளில் போடாத அளவு. பிறகு இரும்பு. லிட்டருக்குப் பதினாறு புள்ளி மூன்று மில்லிகிராம்.

இந்த எண்ணை எனக்குத் தெரியும். நவம்பரில் நானே பதிவேட்டில் எழுதியது. எங்கள் பதினாலாம் தொட்டியின் அடைப்பு வால்வு துருப்பிடித்திருந்தது. ஒயினில் இரும்பு ஏறி, கலங்கத் தொடங்கியது. பாட்டிலில் அடைக்க லாயக்கில்லை என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அதை மொத்தமாகச் சில்லறை வியாபாரிகளுக்குத் தள்ளிவிட்டார். கேன்களில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவன் உன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான்.

ஆக, ஸ்வெத்கோ மாமாவின் நாக்கில் உட்கார்ந்தது செம்மண் இல்லை. ஒரு வால்வு. எங்கள் வால்வு. கைகழுவின தண்ணீர் என்றாயே, ஊறுகாய் ஜாடி கழுவினாயே, அதைத்தான் நீ குடத்தில் ஊற்றி, நம் வீட்டுப் பேரைச் சொல்லி, ஊருக்கெல்லாம் கொடுத்தாய். அதிலும் எங்கள் தொழிற்சாலையிலேயே மட்டமான தொட்டி. அதுவே நீ செய்ததைவிட நன்றாக இருக்கிறது என்று உன் ஊரே சாட்சி சொல்கிறது. "இந்த வருஷம் என்ன பண்ணின?" "ஒண்ணும் பண்ணலை மாமா." நீ சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை.

நான் மூன்று நாள் சிரித்தேன்.

இப்போது சிரிக்காமல் சொல்கிறேன். ஒஸ்மிட்சாவில் வெளி ஒயின் ஊற்றினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்த ஒயின் தீர்ந்த நாளே கொத்தை இறக்க வேண்டும். அதுதான் விதி, அதுதான் நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிற வழக்கமும். அதிகாரிக்கு ஒரு வரி எழுதினால் உன் அனுமதி போய்விடும். முட்டையும் போகும், பன்றியும் போகும். எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எழுத முடியும்.

பத்திரத்தின் மூன்றாவது நகல் இதனுடன்.

யெர்னேய்


மார்ச் 25

யெர்னேய்,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றும், வெள்ளியும், சனியும் ஊற்றிக்கொண்டேதான் இருந்தேன். பொய்யில் பத்து நாள் நின்றவளுக்கு இன்னும் மூன்று நாள் பெரிதில்லை என்று தோன்றியது. ஞாயிறு மத்தியானம், முற்றம் நிறைந்திருக்கும்போது, ஏணியைத் தூக்கிக்கொண்டு முச்சந்திக்குப் போனேன். கொத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். எல்லோரும் பார்த்தார்கள். பெஞ்சு மேல் ஏறி நின்று சொன்னேன்.

"நீங்க குடிக்கறது ராவ்னே ஒயின் இல்ல. கேன்ல வாங்கினது. எங்கிட்ட இருந்த ஒரு பீப்பாயும் நாலாம் நாளே தீந்துபோச்சு."

நகரத்தார் முதலில் எழுந்தார்கள். உள்ளூர் ஒயினைக் காப்பாற்ற வந்தவர்கள், காப்பாற்ற ஒன்றும் இல்லை என்றதும் கார் சாவியைத் தேடினார்கள். ஒருவன் என்னைப் படம் எடுத்தான், தோளில் ஐவிக் கொத்தோடு. நன்றாக வந்திருக்கும்.

ஸ்வெத்கோ மாமா நகரவில்லை. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது எங்கேருந்து வந்துச்சு?" சொன்னேன். வால்வு, துரு, எல்லாம் சொன்னேன். உன் பேரையும் சொன்னேன். ஏன் மறைக்க வேண்டும்?

"அப்ப இரும்புன்னு நான் சொன்னது சரிதான?" என்றார்.

"சரிதான் மாமா."

"அப்புறம் என்ன? நாக்கு பொய் சொல்லலை. நீதான் சொன்ன." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "முட்டையாவது கோழி போட்டதா, இல்ல அதுவும் கேன்லயா?"

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் ஈரம் கிடையாது, இந்த ஊர்ச் சிரிப்பு உனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்தே இருந்தார்கள். ரொட்டி, முட்டை, தொடைக்கறி, துருவிய காரக்கிழங்கு எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீரோடு தின்று தீர்த்தார்கள். போகும்போது ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. ஒருத்தரும் தட்டில் மிச்சமும் வைக்கவில்லை. இன்று காலை அதிகாரியிடம் நானே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வருஷ அனுமதி போயிற்று, அபராதம் உண்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். உன் ஒரு வரி இனி யாருக்கும் தேவைப்படாது.

இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன். என் ஒயின் ஏன் ஒரே பீப்பாய்?

போன மே மாதம் பன்னிரண்டு நாள் விடாத மழை. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் இறங்கியது. எனக்கு அந்தக் குளிர்காலத்திலிருந்தே தோள் இறங்கியிருந்தது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மருந்துத் தொட்டியை முதுகில் மாட்ட ஆள் வேண்டும். உனக்கு எழுதினேன். "ரெண்டே நாள் வா" என்று எழுதினேன். நீ ஓர் அட்டவணை அனுப்பினாய். மயில்துத்தம் எத்தனை கிராம், சுண்ணாம்பு எத்தனை கிராம், எந்தத் தேதியில் எந்த வரிசைக்கு. நாலு நிறத்தில் அச்சடித்திருந்தது. சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அழகாக இருந்தது. தொள்ளாயிரம் கொடியில் எழுநூறின் இலையும் பிஞ்சும் கருகுகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொத்தே கட்டாமல் இருந்திருக்கலாம். கட்டாவிட்டால் ராவ்னே செத்துவிட்டது என்று ஊர் பேசும், உன் கிடங்குக்காரன் காதிலும் விழும் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். உன்னிடம் அந்தப் பாட்டிலை அனுப்பியது அதைவிடப் பெரியது. என்னுடையதை அனுப்பினால் ஜெயிக்க மாட்டேன் என்று தெரியும். ஒரு தடவையாவது உன்னை வாயடைக்கப் பார்த்தேன்.

பத்திரம் இதனுடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீ குறி வைத்த மூன்று இடத்திலும். ராவ்னேயில் இந்த வருஷம் கொடிகளை வெட்டிக் கவாத்தும் செய்யவில்லை. விற்கிற மாட்டுக்கு எதற்குக் கொம்பு சீவ வேண்டும்? ஈஸ்டருக்கு அத்தை வீட்டில் நாலு நாள் இருப்பேன். அதற்குள் உன் ஆட்களைக் கூட்டிவந்து அளந்துகொண்டு போ. நான் இருக்கும்போது வேண்டாம்.

ப்ரெடா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

பத்திரம் கிடைத்தது. மூன்று கையெழுத்தும் சரியாக இருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு காகிதம் ஒழுங்காக நிரப்பி வந்தது இதுதான் முதல் முறை. திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய பக்கம் காலி, அப்படியே இருக்கும். கிடங்குக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். கல் அதிகம் என்றேன்.

நீ அத்தை வீட்டில் இருந்த நாலு நாளும் நான் ராவ்னேயில் இருந்தேன். வீட்டுக்கு வரவில்லை. காரிலேயே தூங்கினேன். அளக்க யாரையும் கூட்டிவரவில்லை. கவாத்து செய்தேன்.

காலம் தப்பிய கவாத்து. மொட்டு வீங்கிவிட்டது, வெட்டின இடமெல்லாம் சாறு சொட்டுகிறது. ஊரில் கொடி அழுகிறது என்பார்கள். அழவில்லை. வேர் தண்ணீரைத் தள்ளுகிறது, அதில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும். பத்து நாளில் நின்றுவிடும். துளிர்ப்பது கொஞ்சம் பிந்தும், ஏப்ரல் பனிக்குத் தப்ப அது நல்லதுகூட.

உன் பழைய வெட்டுகளைப் பார்த்தேன். வெட்கக்கேடு. மொட்டுக் கணுவுக்கு மேலே இரண்டு விரல் விட வேண்டிய இடத்தில் ஒட்ட வெட்டியிருக்கிறாய், சில இடத்தில் ஒரு சாண் விட்டிருக்கிறாய். வலது பக்க வெட்டெல்லாம் கோணல். மூன்றாம் வரிசை தாண்டியதும்தான் அது தோளைத் தூக்க முடியாதவள் வெட்டியது என்று எனக்கு உறைத்தது. உறைக்க மூன்று வரிசை ஆயிற்று. நூறு கொடி.

ஸ்வெத்கோ மாமா இரண்டாம் நாள் வந்தார். வேலியோரம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். "என்ன தம்பி, வால்வு எல்லாம் நல்லாருக்கா?" என்றார். நல்லாயிருக்கு மாமா என்றேன். "உங்கக்கா பெஞ்சு மேல ஏறி நின்னா. நீ ஏறுவியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். மறுநாள் வேலிக்கம்பத்தில் ஒரு பொட்டலம் மாட்டியிருந்தது. ரொட்டியும் பன்றிக்கொழுப்பும். நின்றுகொண்டே தின்றேன். நாலு வருஷத்தில் அப்படி ஒன்றைத் தின்றதில்லை. இதை எழுத எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பெஞ்சு இல்லாததால் இங்கே சொல்கிறேன். மே மாத அட்டவணை தவறில்லை. அளவு, தேதி, வரிசை எல்லாம் இன்றைக்கும் சரி. யார் அடிப்பது என்பதற்கு மட்டும் அதில் இடம் விடவில்லை. இந்த வருஷம் மே முழுவதும் எனக்கு விடுப்பு. மேலாளர் முகம் சுளித்தார். பதினாலாம் தொட்டியின் பதிவேட்டை அவர் மேஜை மேல் திறந்து வைத்தேன், சுளிப்பு நின்றது. மருந்து நான் அடிப்பேன். நீ முற்றத்திலிருந்து யோசனை சொல்லாதே. உன் பீப்பாய்களை ஆகஸ்டில் பார்க்கிறேன், இரண்டையாவது விறகாக்க வேண்டியிருக்கும்.

கடைசி வரிசையை வெட்டாமல் விட்டிருக்கிறேன். நேரம் இல்லாமல் இல்லை. பந்தல் அங்கே தாழ்வு, கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். முப்பத்தொரு கொடி. உன் வழக்கப்படி, உன் கோணலில் வெட்டிக்கொள், நான் தொட மாட்டேன். அக்டோபரில் அந்த வரிசையைத் தனியாகப் பறித்து, தனியாகப் பிழிந்து, என்னுடையதன் பக்கத்தில் வைத்து ஊரையே குடிக்கச் சொல்வோம். அப்போது தெரியும் யாருடையது காடி என்று.

யெர்னேய்